வராத மீனுக்கும் கணக்கு உண்டு

கெஸ்ட்ரல் ஆற்று முகாம்,
பிரிட்டிஷ் கொலம்பியா, கனடா.
20 ஜூன் 2025

அன்புள்ள கஜாலினி அக்காவுக்கு,

நுளம்பு தின்றது போக மிச்சம் சுகமாக இருக்கிறேன். நீங்களும் வெயில் தின்றது போக மிச்சம் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் போன் எடுக்கவில்லை என்று அம்மா பதறினால், பிள்ளை காட்டுக்குள் இருக்கிறான், இனிக் கடிதம்தான் போடுவான் என்று சொல்லுங்கள். இங்கே சிக்னல் கிடையாது. கிட்டிய ஊருக்குப் படகில் அரை நாள் ஓட்டம். வாரத்துக்கு ஒருமுறை சாமான் படகு வரும். அரிசி, டீசல், தபால் எல்லாம் அதில்தான். சட்டலைட் போன் ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. கரடி கடித்தால் மட்டும் எடுக்கலாம் என்று உத்தரவு. கரடி கடித்த பிறகு யார் எடுப்பது என்று கேட்டேன், ஒருவரும் சிரிக்கவில்லை.

என் வேலையை ஒரு வரியில் சொல்கிறேன். ஆற்றின் குறுக்கே கம்பி வேலி கட்டியிருக்கிறோம். வேலிக்கு ஒரே ஒரு வாசல். கடலில் இருந்து முட்டையிட ஏறி வரும் சல்மன் எல்லாம் அந்த வாசலால்தான் போக வேண்டும். வாசலில் இருந்து நான் எண்ண வேண்டும். கனடாவுக்குப் படிக்கப் போன தம்பி என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால் கேற்றடியில் நிற்கிறான் என்று சொல்லுங்கள்.

ஆனால் அக்கா, இந்த வருஷம் அது சின்ன வேலை இல்லை. நாலைந்து வருஷமாக மீன் குறைந்துகொண்டே வருகிறது. மலையில் பனி குறைய ஆற்று நீர் சூடாகிறது. சல்மன் சூட்டைத் தாங்காது, ஆற்று வாயில் நின்று யோசிக்கும், பாதி அங்கேயே செத்துப்போகும். அதனால் இந்த வருஷம் ஆற்றிலும் ஆற்று வாயிலும் ஒருவரும் வலை போடக்கூடாது என்று அரசாங்கம் மூடிவிட்டது. அடுத்த வருஷம் திறப்பதா என்பதை என் எண்ணிக்கையைப் பார்த்து டிசம்பர் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். வலைக் கம்பனிகள் இப்போதே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கின்றன.

என்னோடு மார்த்தா என்று ஒருத்தி நிற்கிறா. அவ இந்த மண்ணின் பூர்வகுடி, இந்த ஆறு அவவின் சனத்தின் ஆறு. என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு ஒரு போத்தல் தண்ணீர் குடிக்கிறா, அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் புது வேலை பற்றி எழுதுங்கள். மீன் கம்பனி என்று மட்டும்தான் சொன்னீர்கள்.

அன்புத் தம்பி,
துவாரகன்


அஜ்மான்,
ஐக்கிய அரபு அமீரகம்.
15 ஜூலை 2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கால் இரண்டும் குளிர் அறையில் விறைத்து, தலை வெயிலில் வெந்து, நடுவில் உள்ளதெல்லாம் நல்ல சுகம். உன்னைக் கரடி கடிக்காதது அறிந்து மகிழ்ச்சி.

உன் கடிதம் கைக்கு வர மூன்று பேரைத் தாண்டி வந்தது. இந்த நாட்டில் வீட்டுக்குத் தபால் வராது, தெரியுமா? கம்பனியின் தபால் பெட்டி எண்தான் எங்களுக்கும் விலாசம். ஆபீஸ் ஆள் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் மேனேஜர் மேசையில் வைப்பான், அங்கிருந்துதான் எங்களுக்கு. மேனேஜர் விஜயபாஸ்கர் மதுரைக்காரர், தமிழ் நன்றாக வாசிப்பார். உறையைத் திறக்க மாட்டார் என்றுதான் நம்புகிறேன். எதற்கும் அடுத்த முறை என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிவை.

வேலை இதுதான். விடிய முன்னமே அஜ்மானில் கம்பனி பஸ் ஏறினால் டுபாய் அல் குசைஸில் குளிர் அறை. பெரிய ஹோட்டல்களுக்கு மீன் துண்டு போட்டுப் பொதி பண்ணி அனுப்புகிற இடம். வெட்டுகிறவர்கள் ஒரு மேசை, பொதி பண்ணி ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் ஒரு மேசை. நான் இரண்டாவது மேசைக்குப் பொறுப்பு. என்னோடு கீழக்கரை மதீனா பீவி. ரூமிலும் அவதான், வேலையிலும் அவதான். என் குறட்டையைக் கூட மன்னித்துவிட்டா.

நாங்கள் சின்ன வயதில் சமன் டின் என்று வாங்கித் தின்றது சல்மனே இல்லை, வேறு ஏதோ மலிவு மீன் என்று நீ கண்டுபிடித்துச் சொன்னாயே, அம்மா ஒரு கிழமை உன்னோடு கதைக்கவில்லை. பெயரை ஒட்டினால் மீன் மாறிவிடும் என்று நம்பி வளர்ந்த குடும்பம். இப்போது பார், உன் அக்கா அசல் சல்மனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், விழுந்துவிடாதே. போன வாரம் புது ஸ்டிக்கர் ரோல் வந்தது. ‘வைல்ட், கெஸ்ட்ரல் ரிவர், கனடா’ என்று பச்சை எழுத்து, மலை, ஆறு எல்லாம் போட்டு. உன் ஆறடா! மதீனாவுக்குக் காட்டி, என் தம்பி காவல் நிற்கிற ஆறு இது என்று பெருமையடித்தேன். நூற்றுக்கணக்கான பொதியில் நானே என் கையால் ஒட்டினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மார்த்தாவுக்கு உப்பைக் குறைத்துப் போடு.

அன்பு அக்கா,
கஜாலினி


கெஸ்ட்ரல் ஆற்று முகாம்,
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மார்த்தாவும் சுகம், உப்பைக் குறைத்தேன். நீங்கள் நெஞ்சில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நீங்கள் ஒட்டியது என்ன மீன், அக்கா?

இந்த வருஷம் இந்த ஆற்றில் ஒருவரும் வலை போடவில்லை. ஆற்று வாயிலும் போடவில்லை. போட்டால் பிடித்துக்கொண்டு போக ரோந்துப் படகு நிற்கிறது. போன வருஷத்து மீன் என்றும் சொல்ல முடியாது, போன வருஷம் பிடிபட்டதே கொஞ்சம், அது இங்கேயே முடிந்துவிட்டது.

ஒன்று செய்யுங்கள். துண்டை வெளிச்சத்தில் பாருங்கள். எங்கள் ஆற்று மீனின் சதை செவ்வரத்தம்பூ மாதிரி ஆழ்ந்த சிவப்பு, வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிது. கடலுக்குள் கூடு கட்டி வளர்க்கிற பண்ணை மீன் என்றால் தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம், இடையிடையே அகலமான கொழுப்புக் கோடு. ஒரு பார்வை போதும்.

இங்கே சூடு. ஆற்றில் கால் வைத்தால் சுகமாக இருக்கிறது, அது நல்லதல்ல. மீனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

விஜயபாஸ்கர் சேர் வாசித்தால் அவருக்கு: என் அக்கா மிகவும் நல்லவ.

அன்புத் தம்பி,
துவாரகன்


அஜ்மான்,
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதை எழுதுகிறேன்.

பார்த்தேன். தோடம்பழ நிறம். கோடுகள் விரல் அகலம். ஒரு பொதியில்லை, எல்லாப் பொதியும்.

நான் ஏதோ பெரிய களவைக் கண்டுபிடித்தவள் மாதிரி மதீனாவிடம் ஓடினேன். அவ கையுறையைக் கழற்றாமலே சொன்னா: “இது இப்பத்தானா உனக்குத் தெரியும்? ஸ்டிக்கர் முந்தி வரும், மீன் பிந்தி வரும். வர்ற மீனு எதுவோ அதுல ஒட்டுறது. வெட்டுற மேசையில கேளு, எல்லாருக்கும் தெரியும்.”

கேட்டேன். எல்லாருக்கும் தெரியும். நான் ஒருத்திதான் ஸ்டிக்கரில் இருந்த மலையைப் பார்த்து ரசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல்தான்.

மேனேஜரிடம் போனேன். நல்ல மனுஷன் மாதிரி என்னை நாற்காலியில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். “ஏம்மா, மீனுக்கு என்ன நாக்கா இருக்கு, நான் எந்த ஊருன்னு சொல்றதுக்கு? சாப்பிடுறவனுக்கு ருசி, நமக்குச் சம்பளம். ஒட்டிட்டுப் போவியா.”

“நான் இனி ஒட்டமாட்டன் சேர்” என்றேன்.

“கையில ஏதும் வலியா?”

“கை நல்லாத்தான் இருக்கு. இதை ஒட்டமாட்டன்.”

இப்போதைக்கு என்னைப் பெட்டி மடிக்கிற மூலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஸ்டிக்கர் மேசையில் வேறு ஆள். பொதி போய்க்கொண்டுதான் இருக்கிறது. என் கை ஒட்டவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் மாறவில்லை. அதுவும் போதும் என்று இருக்கிறேன், போதாது என்றும் தெரிகிறது.

சரி, என்னை விடு. இரண்டு மாதத்துக்கு மேலாக வாசலில் இருக்கிறாய். கரடி, நுளம்பு, உப்பு எல்லாம் எழுதுகிறாய். எத்தனை மீன் வந்தது என்று ஒருமுறையாவது எழுதினாயா? அக்காவிடம் மறைக்கிற அளவுக்கு அது என்ன கணக்கு?

அன்பு அக்கா,
கஜாலினி


கெஸ்ட்ரல் ஆற்று முகாம்,
16 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் வந்து போய்விட்டது, இப்போது சுகம். நீங்கள் பெட்டி மடிக்கிற மூலையில் குளிர் குறைவாக இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

கேட்டீர்கள், சொல்கிறேன். பூச்சியம். ஒன்றுகூட வரவில்லை. ஒவ்வொரு நாளும் வாசலில் இருந்து பார்த்து, மாலையில் பூச்சியம் என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்தேன். உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் போல இருந்தது.

இந்த மாதத் தொடக்கத்தில், எனக்குச் சம்பளம் தருகிற அரசாங்க மீன்பிடித் திணைக்களத்தில் இருந்து ஆள் வந்து முகாமை மூடச் சொன்னார். வராத மீனை எண்ண எதற்குச் செலவு என்றார். நியாயம் மாதிரித்தான் கேட்கும். ஆனால் அக்கா, நான் எழுந்து போனால் கணக்குத் தாளில் பூச்சியம் இருக்காது, வெறும் கட்டம்தான் இருக்கும். வெறும் கட்டத்தை டிசம்பர் கூட்டத்தில் அவரவர் வசதிக்கு நிரப்புவார்கள். பழைய வருஷங்களின் சராசரியைப் போட்டு, மீன் வந்திருக்கும், பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான் என்று சொல்லி வலையைத் திறந்துவிடுவார்கள். பூச்சியம் என்று எழுதவும் ஒரு ஆள் வாசலில் இருக்க வேண்டும்.

மார்த்தாவின் சனம் கூடிப் பேசி, திணைக்களம் போனால் போகட்டும், வேலி எங்களுடையது, எண்ணிக்கை நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். நான் திணைக்களத்தின் படகில் ஏறவில்லை. இவர்களோடு நிற்கிறேன். அரிசி தருகிறார்கள்.

இன்னொரு செய்தி, அதை எழுதவா விடவா என்று யோசித்தேன். வலைக் கம்பனிகள் கூட்டத்துக்கு ஒரு வாதம் தயார் பண்ணியிருக்கின்றன. கெஸ்ட்ரல் ஆற்று மீன் டுபாய் ஹோட்டல்களில் தாராளமாக விற்கிறது, ஆகவே மீன் இருக்கிறது, வெளிக்கடலில் பிடிபடுகிறது, வேலிக்காரர் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்கிறார்கள். ஹோட்டல் மெனுவின் படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்களாம்.

தெரிந்திருக்கட்டும் என்று மட்டும் எழுதினேன். வேறு ஒன்றும் இல்லை.

அன்புத் தம்பி,
துவாரகன்


அஜ்மான்,
10 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் இறங்கிவிட்டது, மனுஷர் நடமாடலாம். நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதம் கொஞ்சம் கசங்கி வந்து சேர்ந்தது, ஆனால் ஒரு எழுத்தும் அழியவில்லை.

முதலில் ஒரு விஷயம். இனி எனக்குக் கம்பனிப் பெட்டிக்கு எழுதாதே. உறையின் பின்பக்கம் உள்ள புது எண்ணுக்கு எழுது. அது எங்கள் தெருமுனை ராஜிக் நானாவின் மீன் கடைப் பெட்டி. எங்கள் நாட்டு அக்குரணைக்காரர், நல்ல மனிதர், தபால் வந்தால் எடுத்து வைப்பார். நான் இப்போது சின்ன லீவில் நிற்கிறேன், அதனால் இது வசதி.

உன் பூச்சியத்தை வாசித்தேன். வாசித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். நீ அழுதிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ அழுகிற ஆள், நான் சண்டை பிடிக்கிற ஆள், சின்ன வயதில் இருந்தே அப்படித்தான்.

இதோடு ஒரு முழ நீள ஸ்டிக்கர் வைத்திருக்கிறேன். ரோலில் இருந்து கிழித்தது, ஒட்டாதது. கெஸ்ட்ரல் ஆறு டுபாயில் எப்படிப் பிறக்கிறது என்று கூட்டத்தில் காட்டு. வெறும் ஸ்டிக்கர் போதாது, யாரோ அச்சடித்தது என்பார்கள். அது எந்த மீனில் ஒட்டப்பட்டது என்று ஒட்டியவள் எழுதித் தர வேண்டும் என்றால், சொல்லு. நீ கேட்க மாட்டாய். “வேறு ஒன்றும் இல்லை” என்று நீ எழுதினாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அரிசி மட்டும் தின்னாதே, பருப்பும் கேள்.

அன்பு அக்கா,
கஜாலினி


கெஸ்ட்ரல் ஆற்று முகாம்,
27 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், பருப்பும் கிடைக்கிறது. வீடு மாறிவிட்டீர்களா? பெட்டி எண் ஏன் மாறியது என்று விளங்கவில்லை. லீவு என்றால் ஊருக்குப் போகலாமே, அம்மா சந்தோஷப்படுவா.

மழை வந்தது அக்கா. ஒரு கிழமை விடாமல் பெய்து ஆறு நிறைந்து, நீர் பல் கூசுகிற குளிராகிவிட்டது. நேற்றுக் காலை மார்த்தா வாசலில் இருந்தா. நான் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன். “வா” என்று ஒரு சத்தம். ஓடினேன். வாசலில் ஒரு மீன். சிவந்த முதுகு, பச்சைத் தலை, ஒரு பக்கம் கடல்நாய் கடித்த பெரிய காயம். ஓட்டத்தை எதிர்த்து நிற்கிறது, அசையவில்லை, போகவும் இல்லை. பிறகு ஒரே உதறலில் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. மார்த்தா என் தோளில் அடித்தா, இன்னும் வலிக்கிறது. ஒன்று என்று எழுதினேன். எழுத்துக் கோணலாக வந்தது.

ஸ்டிக்கரை வைத்துக்கொண்டேன். ஆனால் எழுத்தில் ஒன்றும் தர வேண்டாம். அங்கே ஒரு கம்பனியைப் பற்றி வெளியே பேசினாலே வழக்குப் போடலாம் என்று கேள்விப்பட்டேன். உங்கள் வேலை, விசா எல்லாம் அவர்கள் கையில். கையெழுத்துப் போடாதீர்கள். இது நான் சொல்கிற கடைசி வார்த்தை.

ஆறு உறைந்ததும் ஊருக்கு இறங்கி மார்த்தா வீட்டில் நிற்பேன். அந்த விலாசம் கீழே.

அன்புத் தம்பி,
துவாரகன்


அஜ்மான்,
2 நவம்பர் 2025

தம்பி துவாரகனுக்கு,

இறைவன் கிருபையால் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். என்னை நீங்கள் பார்த்ததில்லை. நான் மதீனா பீவி, உங்கள் அக்காவோடு ஒரே ரூமில் இருக்கிறவள். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என் கதி அவ்வளவுதான்.

லீவு என்று உங்களுக்கு எழுதியதாகச் சொன்னாள். லீவு இல்லை தம்பி. செப்டம்பர் கடைசியில் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். பெரிய ஹோட்டல் ஒன்றின் ஆள் சாமான் பார்க்க வந்தார். அன்றைக்குப் பார்த்து ஸ்டிக்கர் மேசைக்குப் பொறுப்பான புதுப் பெண்ணுக்குக் காய்ச்சல். எங்களில் இங்கிலீஷ் தெரிந்தவள் என்று மேனேஜர் உங்கள் அக்காவைக் கூப்பிட்டு, தட்டைக் கொண்டு வா, வைல்ட் என்று சொல், போய்விடு என்றார். தட்டைக் கொண்டு போனாள். மேசையில் வைத்தாள். அந்த ஆளின் முகத்தைப் பார்த்து இது பண்ணை மீன், ஸ்டிக்கர் இங்கே ஒட்டியது என்று இங்கிலீஷில் சொன்னாள். அதோடு நின்றாளா? எங்கள் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் சொன்னாள். “அந்த ஆத்தில இந்த வருஷம் ஒருத்தரும் மீன் பிடிக்கேல்லை. அங்கயிருந்து வராத மீனை நாங்கள் விக்கிறம்.”

மேனேஜர், “கலாஸ், முடிஞ்சது, நாளைக்கு வராத” என்றார். வந்த ஆள் தட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார். ஆர்டர் நின்றதா என்றால், இல்லை.

உங்கள் செப்டம்பர் கடிதம் அதற்குப் பிறகுதான் கம்பனிப் பெட்டிக்கு வந்தது. மேனேஜர் பிரித்துப் படித்தார். பூச்சியத்தை எண்ண ஒருத்தன் காட்டில் உட்கார்ந்திருக்கிறானாம் என்று ஆபீஸில் சத்தமாக வாசித்துச் சிரித்துக் குப்பையில் போட்டார். டீ கப் எடுக்கப் போன நான் அதையும் எடுத்து வந்தேன். உங்கள் அக்கா படித்துவிட்டு வெளியே போய் நின்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விசாவுக்குக் கவலை வேண்டாம். உங்கள் அக்கா நானா என்று கூப்பிடுகிற ராஜிக் காக்கா தன் கடைக்கே மாற்றித் தருகிறார், காகிதம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடையில் மீன் வெட்டுகிறாள். வருகிறவர்களிடம் இது நேற்றைய மீன், வாங்காதே என்று சொல்லி அவரையும் படுத்துகிறாள்.

எனக்கு மூன்று பிள்ளைகள், ஊரில் படிக்கிறார்கள். நான் இன்னும் அந்த ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

துஆவுடன்,
மதீனா பீவி


அஜ்மான்,
19 நவம்பர் 2025

தம்பிக்கு,

நான் மிக மிகச் சுகம். நீயும் சுகமாக இரு, ஏனென்றால் உன்னோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

கடைசி வார்த்தை சொல்ல நீ யார்? கடைசி வார்த்தை எப்போது இந்தக் குடும்பத்தில் உன்னிடம் இருந்தது? திணைக்களத்தின் படகு வந்தபோது நீ ஏறவில்லை. சம்பளம் போகும் என்று தெரிந்தும் ஏறவில்லை. அரிசி தருகிறார்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நான் அதைக் கவனிக்க மாட்டேன் என்று நினைத்தாய். உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

மதீனா உனக்கு எழுதிவிட்டதை நேற்றுத்தான் சொன்னா. ஒரு மணி நேரம் சண்டை பிடித்தேன். பிறகு இருவரும் சேர்ந்து இடியப்பம் வாங்கிச் சாப்பிட்டோம். ஆகவே இனி மறைக்க ஒன்றும் இல்லை. ஆம், வேலை போனது. போகும் என்று தெரிந்துதான் தட்டைத் தூக்கினேன்.

இதோடு உள்ள தாளைப் பார். எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை ஒட்டினேன், எந்தப் பண்ணைப் பெட்டியில் இருந்து எடுத்து ஒட்டினேன், எல்லாம் இங்கிலீஷில் எழுதி, முழுப் பெயரும் போட்டு, கையெழுத்து வைத்திருக்கிறேன். பெயரை மறைத்துத் தரலாம் என்று ராஜிக் நானா சொன்னார். பெயர் இல்லாத தாள் உன் வெறும் கட்டம் மாதிரி, அவரவர் வசதிக்கு நிரப்புவார்கள். பூச்சியத்துக்குக் கீழே நீ கையெழுத்து வைக்கிறாய். பொய்க்குக் கீழே நானும் வைக்கிறேன், அதை ஒட்டியவள் நான் என்பதால்.

வழக்குப் போடுவார்களா? போடலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். இரவில் போன் அடித்தால் மதீனாவிடம் கொடுத்து எடுக்கச் சொல்கிறேன். ஆனால் பயந்துகொண்டே வெட்டினாலும் மீன் வெட்டுப்படத்தான் செய்கிறது.

கூரியரில் அனுப்புகிறேன், கூட்டத்துக்கு முன் வந்துவிடும். முடிவு எதுவானாலும் எனக்குப் போன் பண்ணு. அதோடு இன்னொன்றும் செய். ஒரு தபால் அட்டை வாங்கி, பழைய கம்பனிப் பெட்டிக்கு, என் பெயருக்கு அனுப்பு. தமிழில், பெரிய எழுத்தில். உறை வேண்டாம். பிரிக்கிற சிரமத்தை அவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

அன்பு அக்கா,
கஜாலினி


(தபால் அட்டை. பெறுநர்: கஜாலினி, மீன் பொதி பண்ணும் பகுதி, கம்பனியின் தபால் பெட்டி, டுபாய்.)

9 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கும், இதை வாசித்துக்கொண்டிருக்கும் விஜயபாஸ்கர் சேருக்கும், மேசையில் நிற்கும் எல்லோருக்கும்,

அனைவரும் சுகமாக இருக்க வேண்டும். நானும் மார்த்தாவும் சுகம்.

கூட்டம் முடிந்தது. ஹோட்டல் மெனுவைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்கள். நாங்கள் ஸ்டிக்கரையும் அக்காவின் தாளையும் வைத்தோம். யார் இந்தப் பெண் என்று கேட்டார்கள். மார்த்தா எழுந்து முழுப் பெயரையும் வாசித்தா, உச்சரிப்புப் பிழையில்லாமல். அதற்கு முதல் நாள் முழுக்கச் சொல்லிப் பழகியிருந்தா. மெனுவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷமும் ஆறு மூடியே இருக்கும். அதற்கு அடுத்த வருஷம் மறுபடி சண்டை. நாங்கள் நிற்போம்.

மழைக்குப் பிறகு வந்தவை முப்பத்தொரு மீன்கள். முட்டையிட்டுவிட்டு எல்லாம் செத்துவிட்டன, அதுதான் அவற்றின் வழக்கம். முட்டைகள் கல்லுக்கடியில் இருக்கின்றன.

கெஸ்ட்ரல் ஆற்றில் இந்த வருஷம் மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றையும் நாங்கள் கண்ணால் பார்த்தோம். அதில் ஒன்றுகூட டுபாய்க்கு வரவில்லை.

துவாரகன்
(வாசலில் இருந்து எண்ணியவன்)